தரிசு எனும் வாழிடம்

பிரெய்ரி – வட அமெரிக்கா. பாம்பாஸ் – அர்ஜென்டினா. வெல்ட் – தென் ஆப்பிரிக்கா. டவுன்ஸ் – ஆஸ்திரேலியா. ஸ்டெப்பி – யுரேசியா. தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த யாரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் பொருத்திவிடுவார்கள். பத்து வருஷம் கழித்து அரசு வேலைக்குத் தேர்வு எழுத உட்கார்ந்தால் இதே ஐந்து பெயர்கள் மறுபடி வந்து நிற்கும். புல்வெளி என்றால் இந்த ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருக்கலாம் என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை.

ஐப்பசி மழை ரெண்டு தடவை நன்றாக விழுந்து, ஓட்டப்பிடாரத்தைச் சுற்றியுள்ள கரிசலில் உளுந்தும் பாசியும் தலைகாட்டிய பிறகு, தரையை ஒட்டி ஒரு பருந்து பறக்கும். சிறகுகளை லேசாக மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றில் மிதக்கிற மாதிரி, வரப்போடு வரப்பாகப் போகும். பூனைப்பருந்து. வெட்டுக்கிளிதான் அதன் முக்கியத் தீனி. ராத்திரி மரத்தில் அடையாது. தரையில், புல்லுக்குள்ளேயே படுக்கும். இந்தியாவுக்கு வலசை வரும் பூனைப்பருந்துகளில் சிலவற்றுக்கு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி மாட்டிவிட்டுப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவை திரும்பிப் போய் முட்டையிட்ட இடம் கஜகஸ்தானின் ஸ்டெப்பி.

ஆக, ஸ்டெப்பிக்கும் எங்கள் ஊர்க் காட்டுக்கும் நடுவே ஒரு பறவை வருஷாவருஷம் கோடு போட்டுப் பொருத்திக்கொண்டிருக்கிறது. பாடநூலில் அந்தக் கோடு இல்லை. இது ஒரு சின்ன விடுபடல் என்று நான் நினைக்கவில்லை. நம் பள்ளிப் புவியியல் 'சூழல்' என்ற சொல்லை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறது என்பதற்கே இது நல்ல சாட்சி.

*

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில் 'உயிர்க்கோளம்' என்றொரு பாடம் உண்டு. அக்கா மகன் இந்த வருஷம் ஒன்பதாவது. அவன் புத்தகத்தை வாங்கி ரெண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2018இல் பாடத்திட்டம் மாறியபோது வந்த புத்தகங்கள் நாங்கள் படித்தவற்றைவிட எவ்வளவோ மேல். தாள், அச்சு, வரைபடம், க்யூஆர் கோடு எல்லாம் இருக்கிறது. உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர் என்ற அடுக்கு தெளிவாக இருக்கிறது. ஆற்றல் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது ஏன் குறைகிறது என்பது ஓரளவுக்குப் புரிகிறது. பிறகு உலகச் சுற்றுலா: மழைக்காடு, சவானா, பாலைவனம், மிதவெப்பப் புல்வெளி, தூந்திரா. ஒவ்வொன்றுக்கும் தட்பவெப்பம், தாவரம், விலங்கு. கடைசியில் ஆபத்துகளும் பாதுகாப்பும்.

இதில் தகவல் பிழை என்று பெரிதாக எதையும் நான் சொல்ல வரவில்லை. என் புகார் வேறு. அந்தப் பாடத்தை வரிக்கு வரி படித்து முடிக்கிற பிள்ளைக்கு, தான் உட்கார்ந்திருக்கிற இடமும் ஒரு சூழல்மண்டலம் என்ற எண்ணம் எங்கேயும் வந்துவிடாதபடி அது எழுதப்பட்டிருக்கிறது. சூழல் என்பது எப்போதும் வேறெங்கோ இருக்கிறது. அங்கே யானை இருக்கும், பனி இருக்கும், ஒட்டகச்சிவிங்கி இருக்கும். இங்கே வெயில்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சமூக அறிவியல் பாடத்தின் வரலாற்றுப் பகுதியில் எங்கள் ஊர் கம்பீரமாக இருக்கிறது. வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம், பக்கத்திலேயே கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. புவியியலுக்கு வந்தால் ஊரைக் காணோம். கரிசல் மண் உள்ள மாவட்டங்களின் பட்டியலில் மாவட்டப் பெயரோடு பெயராகக் கரைந்துவிடுகிறது. வரலாற்றில் எங்களுக்கு ஊர் உண்டு; புவியியலில் வெறும் மண்வகைதான்.

அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "காடுகளைப் பாதுகாக்கணும்னு போட்டிருக்கே, நம்ம ஊர்ல எதைடா பாதுகாப்பே?"

கொஞ்சம் யோசித்தான். "நம்ம காட்டையா மாமா? மக்காச்சோளத்த பன்னி வந்து அழிக்குதுல்லா, அதுக்குத் தாத்தா ராத்திரி காவலுக்குப் போறாகளே."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கரிசலில் 'காடு' என்றால் மானாவாரி நிலம். "காட்டுக்குப் போயிருக்காக" என்றால் உழவுக்கோ களைக்கோ போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பருத்திக்காடு, கம்மங்காடு, மிளகாக்காடு. கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்ற தலைப்பில் இருக்கிற காடும் அதுதான். இந்தப் பிள்ளையின் வாயில் இருக்கிற 'காடு' என்ற சொல்லும் பாடநூலில் இருக்கிற 'காடு' என்ற சொல்லும் எழுத்தில் ஒன்று, பொருளில் வேறு. ரெண்டுக்கும் நடுவே ஒரு வரி விளக்கம் போட ஆசிரியருக்கு நேரமில்லை, பாடநூலுக்கு இடமில்லை. வனவிலங்கைக் காப்பாற்று என்கிறது பாடம். பன்றியை விரட்ட டார்ச் லைட்டோடு படுத்துக் கிடக்கிறார் தாத்தா. இந்த முரண் ஒன்றே ஒரு முழு வகுப்புக்குப் போதும். தேர்வுக்கு வராது என்பதால் அந்த வகுப்பு நடக்காது.

*

கரிசல் எப்படிப்பட்ட வாழிடம் என்று ஒரு பத்தியாவது எழுதிப் பார்க்கலாம்.

வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ரெண்டு மாதத்துக்குள். மீதி வருஷம் முழுவதும் மண் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும். கரிசலின் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். சின்ன வயதில் அந்த வெடிப்புக்குள் குச்சியை விட்டு ஆழம் பார்ப்போம். குச்சி முடியும், வெடிப்பு முடியாது. மேல்மண் பொடிந்து உள்ளே விழும், மழை வந்ததும் உள்ளே இருப்பது உப்பி மேலே வரும். மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது என்று இதைத்தான் சொல்வார்கள். அந்த வெடிப்புகளுக்குள் யார் இருக்கிறார்கள்? புல் விதை இருக்கிறது. தேள் இருக்கிறது, ஓணான் இருக்கிறது, பாம்பு இருக்கிறது. வெளியே தரை கொதிக்கும்போது உள்ளே நிழல். பாடநூல் பாலைவன விலங்குகளின் தகவமைப்பைச் சொல்லும். ஒட்டகத்தின் திமில் படத்தோடு வரும். வாசலைத் தாண்டினால் கிடைக்கிற வெடிப்பில் ஒரு தவளை மழைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது தகவமைப்புக் கணக்கில் வராது.

முதல் மழை விழுந்த மறுநாள் காலையில் சிவப்பாக, பட்டுத்துணியில் செய்ததுபோல, ஒரு பூச்சி தரையெங்கும் ஊரும். பட்டுப்பூச்சி என்போம். தம்பலப்பூச்சி, இந்திரகோபம் என்றெல்லாம் பெயர் உண்டு. தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இல்லையா, காலிப் பெட்டியில் கொஞ்சம் புல்லைப் போட்டு அதைப் பிடித்துப் பள்ளிக்குக் கொண்டுவராத பையன் இருக்க மாட்டான். அது எட்டுக்கால் உயிரி, பூச்சியே இல்லை, சிலந்தியின் உறவுக்கூட்டம் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல், பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூட்யூபில் தெரிந்தது. மழை வந்ததும் கரையான்கள் மேலே வரும், அவற்றைத் தின்ன இது மேலே வரும். எவ்வளவு அழகான உணவுச்சங்கிலி! தினமும் அறுபது தீப்பெட்டிகளில் அது வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கரும்பலகையில் புல் – வெட்டுக்கிளி – தவளை – பாம்பு – கழுகு என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். அது என்ன புல், எந்த வெட்டுக்கிளி என்று கேட்கத் தோன்றாத அளவுக்குப் பொதுவான சங்கிலி. உலகத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும் என்பதாலேயே எந்த ஊருக்கும் சொந்தமில்லை.

*

இப்போது 'தரிசு' என்ற சொல்லுக்கு வருகிறேன். என் உண்மையான சண்டை அதோடுதான்.

நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு பட்டியலை வகைப்படுத்தும்போது இஃப், எல்ஸ்-இஃப் என்று நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போவோம். எதிலும் சேராததெல்லாம் கடைசி எல்ஸுக்குள் விழும். அதற்குள் என்ன விழுந்தது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை, ஏதாவது வெடிக்கும்வரை. வருவாய்த்துறைக்குத் தரிசு என்பது அந்த எல்ஸ். வரி கட்டுகிற நன்செய், புன்செய் போக மீதி: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு. வரி வசூலிக்க வந்த கம்பெனிக்காரனுக்கு இந்தப் பிரிவு போதும். நிலத்தில் என்ன வாழ்கிறது என்பது அவன் கேள்வியே இல்லை. அதிலிருந்து என்ன வரும் என்பதுதான். அவன் போய் முக்கால் நூற்றாண்டு தாண்டியும் அந்த எல்ஸ் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் நிலவளத்துறையும் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து தரிசுநில வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிடுகின்றன. 2019இல் வந்த பதிப்பின்படி நாட்டின் நிலப்பரப்பில் 16.96 சதவீதம், ஏறக்குறைய 5.58 லட்சம் சதுர கிலோமீட்டர், தரிசு. அதற்குள் இருக்கும் உட்பிரிவுகளைப் பார்த்தால் 'அடர்ந்த புதர் உள்ள நிலம்', 'திறந்த புதர் உள்ள நிலம்' என்று ரெண்டு இருக்கின்றன. புதர் இருக்கிறது என்று அவர்களே எழுதிவிட்டு, அதையும் வீணான நிலத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

2023இல் மதுசூதனும் அபி தமிம் வனக்கும் இந்தியாவின் வறண்ட பகுதிகளில் உள்ள புல்வெளி, முட்புதர், திறந்தவெளி நிலங்களை வரைபடமாக்கி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாட்டின் நிலப்பரப்பில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் இப்படிப்பட்ட இயற்கையான திறந்தவெளிகள். அதில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வருவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. காரணம் ரொம்ப எளிமையானது: காடு என்றால் மரம், மரம் இல்லையென்றால் காலி இடம். வனவியலே அப்படித்தான் பழக்கியிருக்கிறது. புல்லும் முள்ளும் உள்ள இடத்தை 'சிதைந்த காடு' என்று பார்ப்பதுதான் நெடுநாள் மரபு. நீலகிரியின் புல்வெளிகளில் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டு அவற்றை விழுங்கவைத்தது இந்தக் கண்தான்.

பாடநூலின் பாதுகாப்புப் பகுதியும் இந்தக் கண்ணாலேயே பார்க்கிறது. எங்கே சுற்றினாலும் முடிவில் 'மரம் நடுவோம்'. 1950இல் கே.எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கிவைத்ததிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்புச் செயல் கன்று நடுவது. ஊருக்குள், தெருவில் நடட்டும், நிழல் வேண்டும். ஆனால் இதே தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு இருக்கிறது. 1987இல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம், 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி அதுதான். பெயரிலேயே 'வெளி' இருக்கிறது பாருங்கள். தூரத்திலேயே எதிரியைப் பார்த்து ஓடித் தப்பிக்கிற விலங்கு. அதன் வாழிடத்தில் மரத்தை நெருக்கமாக நட்டால் அதன் கண்ணைக் கட்டிவிட்டதற்குச் சமம். கோடியக்கரையில் சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் பரவி வெளிமானுக்கு இடைஞ்சல் ஆனதும் இதே கதை. போட்டித்தேர்வுக்குப் படிக்கிற தம்பிகளுக்கு 'வல்லநாடு – வெளிமான் – 1987' தெரியும். மரம் நடுவது எங்கே கெடுதல் என்பது தெரியாது. ஏனென்றால் கேள்வியாக வந்ததில்லை.

சீமைக்கருவேலம் என்றதும் இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த மரம் அது. வெளியூர்ச் செடி எப்படி ஓர் இடத்தைப் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று விதையைப் பரப்புகின்றன. வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைக்கிறது. விவசாயம் விட்டுப்போன காட்டில் முதலில் குடியேறுகிறது. அதே சமயம், மழை பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பங்கள் சாப்பிட்டது இதனால்தான். அடுப்புக்கு விறகும் இதுதான். பன்றி பகலில் ஒளிந்துகொள்வதும் இதற்குள்தான். ஒரே மரத்தில் நன்மை, தீமை, பொருளாதாரம், உயிரியல் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. பள்ளி இதைச் சொல்லித் தராததால் அந்த இடத்தை வாட்ஸப் எடுத்துக்கொண்டது. காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், அதனால்தான் மழையே வரவில்லை, அதன் நிழலில் மாடு கட்டினால் மலடாகும் என்றெல்லாம் சுற்றின செய்திகளை பி.இ. முடித்தவர்களும் ஃபார்வர்டு செய்தார்கள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அதை அகற்ற உத்தரவிட்டது; சில மாதங்களிலேயே அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. நடுவில் ஜே.சி.பி. ஓடிய இடங்களில், கருவேலத்தோடு கலந்து நின்ற உடையும் இலந்தையும் சேர்ந்து போயின. எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. பிரித்துச் சொல்லக் கற்றுத் தருவதுதானே இந்தப் பாடத்தின் வேலை?

*

பாடநூல் விட்ட இடத்தை இலக்கியம் நிரப்பியிருக்கிறது என்று சொல்ல ஆசைதான். கரிசல் இலக்கியம் என்று தனியாக ஒரு பெயரே உண்டு. எங்கள் மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அதிலிருந்து வந்தது. ஆனாலும் அதைச் சலுகை இல்லாமல்தான் படிக்க வேண்டும்.

கி.ரா. தன்னைப் பற்றி ஒன்று சொல்வார்: மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினாராம், அப்போதும் பாடத்தைக் கவனிக்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்படி மழையைப் பார்த்த மனிதர் பிற்பாடு கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தார். எங்கள் வட்டாரத்தின் மிகச் சிறந்த புவியியல் நூல் எது என்று கேட்டால் நான் அந்த அகராதியைச் சொல்வேன். மண்ணுக்கும் மழைக்கும் உழவுக்கும் கால்நடைக்கும் இத்தனை சொற்கள் இருக்கின்றன என்றால், இத்தனை வேறுபாடுகளை இங்குள்ளவர்கள் கண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சொல் என்பது இங்கே ஓர் அவதானிப்பு. ஆனால் அந்தச் சொற்கள் பெரும்பாலும் சம்சாரியின் கண்ணிலிருந்து வருகின்றன. விதைக்க, அறுக்க, மேய்க்க உதவுவதற்குப் பெயர் இருக்கிறது. உதவாததற்குப் பெயர் மங்கலாகிவிடுகிறது; நாலைந்து வகைச் சின்னப் பறவைகள் சேர்ந்து வெறும் 'குருவி' ஆகிவிடும். வருவாய்த்துறைக்கு ஒரு எல்ஸ் இருப்பதுபோல விவசாயிக்கும் ஒரு எல்ஸ் இருக்கிறது.

சோ. தர்மனின் 'சூல்' 2016இல் வந்தது, 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. உருளைக்குடியின் கண்மாய்தான் அதன் நாயகன். சூழல்மண்டலம் என்ற கருத்தை தமிழில் ஒரு நாவல் முழுக்க உடம்பாக்கிக் காட்டியது என்றால் அது இதுதான். நீர்ப்பாய்ச்சி, மடை, மீன், பறவை, தெய்வம், எட்டயபுரம் அரண்மனை எல்லாம் ஒரே தண்ணீரில் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் மனிதன் 'ஆபத்துகள்' என்ற தலைப்பின் கீழ்தான் வருவான். 'சூல்' நாவலில் மனிதன் அந்த வலையின் ஒரு முடிச்சு. உண்மையில் 1935இல் 'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்த டான்ஸ்லியும் மனிதச் செயல்பாட்டை வெளியே தள்ளிவிட்டு இயற்கையை மட்டும் ஆராய முடியாது என்றுதான் அதே கட்டுரையில் வாதிட்டார். அந்த விஷயத்தில் டான்ஸ்லிக்குப் பக்கத்தில் நிற்பது பாடநூல் அல்ல, தர்மன்.

ஆனால் நாவலின் பிற்பகுதியோடு எனக்கு உடன்பாடில்லை. சுதந்திரத்துக்குப் பின் கண்மாய் கைவிடப்படுவதைச் சொல்லும்போது நாவலின் குரல் மேடைக்குரல் ஆகிவிடுகிறது. முன்பு எல்லாம் நன்றாக இருந்தது, சர்க்கார் வந்து கெடுத்தது என்ற சித்திரம் வசதியானது. கண்மாய்த் தண்ணீர் எல்லார் வயலுக்கும் ஒரே மாதிரிப் பாய்ந்ததா, யார் எந்தப் படித்துறையில் இறங்க முடிந்தது என்பதெல்லாம் 'கூகை' எழுதியவருக்குத் தெரியாததில்லை. ஒதுக்கப்பட்ட மக்களுக்குக் குறியீடாக ஒரு ராப்பறவையையே தேர்ந்தெடுத்தவர் அவர். 'சூல்' அந்தக் கணக்கைப் போதுமான அளவு கேட்கவில்லை என்பது என் வாசிப்பு.

என்னைக் கேட்டால் பூமணியின் 'வெக்கை'யைப் புவியியல் வகுப்பில் வைப்பேன். 1982இல் வந்த நாவல். சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. பள்ளியில் இருந்தால் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்க வேண்டியவன். அண்ணனின் சாவுக்குப் பழிவாங்கிவிட்டு அப்பாவோடு காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறான். 'அசுரன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு வெட்டும் குத்தும்தான் ஞாபகம் இருக்கும். நாவலில் ரத்தம் கொஞ்சம்தான்; அதிகம் இருப்பது இடம். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் புதர் ஆளை மறைக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம், எங்கே அடுப்பு மூட்டினால் புகை தெரியாது. வாழிடம் என்பதற்கு இதைவிடச் சரியான வரையறை கிடையாது: உணவு, நீர், மறைவு, ஆபத்து. அந்தப் பையனுக்கு நிலம் படிக்கத் தெரியும். எழுத்துத் தேர்வு வைத்திருந்தால் ஃபெயில் ஆகியிருப்பான்.

ஐந்திணையைப் பற்றி ஏன் பேசவில்லை என்று யாராவது கேட்பீர்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியம் அடுக்குவதைக் காட்டி, சூழலியலை நாம் அப்போதே கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லும் கட்டுரைகள் வாரத்துக்கு ஒன்று வருகின்றன. அது கவிதைக்கான இலக்கணம், பிரமாதமான இலக்கணம். ஆனால் ஓட்டப்பிடாரம் எந்தத் திணை? முல்லையா, பாலையா, மருதமா? கண்மாய்க்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல். பெருமைப்படுவதற்காக அதை இழுப்பதும் ஒருவகையில் பார்க்காமல் இருப்பதுதான். கீழே குனிந்து வெடிப்புக்குள் பார்ப்பதைவிட ரெண்டாயிரம் வருஷம் பின்னால் பார்ப்பது சுலபம்.

*

இதையெல்லாம் சொல்லும்போது ஆசிரிய நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "தம்பி, நீங்க பெங்களூர்ல ஏசியில உக்காந்துக்கிட்டு கரிசலப் படிங்கங்கீங்க. இங்க உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கரிசலவிட்டுப் போறதுக்குத்தான் படிப்பு." பதில் சொல்லச் சுலபமில்லாத வாதம் இது. என் அம்மாவும் அதைத்தான் சொன்னாள்: "இந்த வெயில்ல கெடந்து சாகவா ஒன்னப் படிக்கப் போட்டோம்?" எங்கள் வீடுகளில் படிப்பின் நோக்கமே ஊரிலிருந்து வெளியேறுவது. அமேசான் காட்டைப் படிப்பது அந்த வெளியேற்றத்தின் முதல் படி. மண்ணைப் பற்றிய அறிவு இங்கே யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்: ஆடு மேய்ப்பவரிடம், கரிமூட்டம் போடுபவரிடம், விறகு வெட்டப் போகிற அம்மாக்களிடம். அந்த வேலைகளிலிருந்து தன் பிள்ளை தப்பிக்க வேண்டும் என்று நினைக்கிற அப்பாவிடம் போய், 'உள்ளூர் அறிவைப் பாடத்தில் சேர்க்கிறோம்' என்றால் அவர் சந்தேகப்படுவார். சந்தேகப்படவும் வேண்டும். ஆடு மேய்த்தவன் பேரனை மறுபடி ஆட்டுக்குப் பின்னால் அனுப்பும் தந்திரமாக அது மாறிவிடக் கூடாது.

அதனால் நான் கேட்பது மண்வாசனை இல்லை. அமேசானுக்குக் கொடுக்கிற அதே கறாரான அறிவியலை இந்த இடத்துக்கும் கொடுக்கச் சொல்கிறேன். மாநிலம் முழுமைக்கும் ஒரே புத்தகம் என்பதால் ஓட்டப்பிடாரத்துக்கு அதில் பக்கம் ஒதுக்க முடியாது என்பது உண்மை. பக்கம் வேண்டாம், ஒரு பயிற்சி போதும். தரிசு என்று பெயர் வைத்த நிலத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டு. உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ணு. புரட்டாசியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை. பெயர் தெரியாவிட்டால் படம் வரை, பாட்டியிடம் கேள். இதையே கோவையில் இருக்கிற பிள்ளையும் வேதாரண்யத்தில் இருக்கிற பிள்ளையும் அவரவர் ஊரில் செய்யலாம். பாடம் ஒன்று, விடை வேறு வேறு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. விடை ஊருக்கு ஊர் மாறும் கேள்வியை நம் தேர்வு முறையால் திருத்த முடியாது.

முடியாது என்று முடிவுகட்டவும் தேவையில்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கும் ஓடைக்கும் அனுப்பி அவர்களாகவே பார்த்து எழுதவைத்தது. முப்பது வருஷம் நடந்தது. தேர்வையும் அதற்கேற்ப மாற்றிக்காட்டினார்கள். 2002இல் அரசு அதை மூடியது. மூடப்பட்டதை மட்டும் சொல்லிவிட்டு அது முப்பது வருஷம் ஓடியதைச் சொல்லாமல் விடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. நம் பக்கத்திலேயே 2011இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் பைனாகுலரோடு கரையில் நிற்கிறார்கள். குளத்துக்கு அது நடக்கிறது. தரிசுக்கு யாரும் போவதில்லை. பெயர் அப்படி.

பெயர் அப்படி என்பதால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். பசுவந்தனை பக்கமும் கயத்தாறு பக்கமும் காற்றாலைகள் எப்போதோ வந்துவிட்டன. அதன் அடியில் ஆடு மேய்ந்தது, உளுந்து விளைந்தது. சோலார் அப்படியில்லை. நூற்றுக்கணக்கான ஏக்கரைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, உள்ளே இருந்த புல், உடை, இலந்தை எல்லாவற்றையும் வழித்துத் தரையைச் சமப்படுத்திவிடுகிறார்கள். எனக்குச் சூரிய மின்சாரத்தோடு பகையில்லை. நிலக்கரியைவிட அது நல்லது என்பதில் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த நிலத்தை விற்றபோதும் வாங்கியபோதும் ஒருவர் வாயிலிருந்தும் வேறு சொல் வரவில்லை: "சும்மா கெடந்த தரிசுதானே."

போன தை மாதம் அந்த வேலியோரமாக வண்டியில் போனேன். கிடையை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ரோட்டின் ஓரமாகவே ஆடுகளை நடத்திக்கொண்டிருந்தார். முன்பு அவர் குறுக்கே விழுந்து போகும் பாதை இப்போது வேலிக்குள் இருக்கிறது. வண்டியை நிறுத்தி, "எங்கய்யா மேய்க்கிறீக இப்போ?" என்றேன். "கம்மாய்க்குள்ளதான். தண்ணி வத்துற வரைக்கும் கரையில, வத்துனா உள்ள," என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாடித் தகடுகளுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், சாம்பல் நிறத்தில் ஓர் ஆண் பூனைப்பருந்து வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு போனது. கடைசி வரிசைவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. பெரியவரிடம் அதன் பெயர் கேட்டேன். "பருந்துதான்" என்றார், பிறகு கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "இது மழைக்குப் பெறவு வாரது. வெட்டுக்கிளி தின்னும். முந்தி இங்கன நெறைய படுத்துக் கெடக்கும்" என்றார்.